38 மீன்கள், ஒரு குழி, ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ‘டெவில்ஸ் ஹோல்’ கதை தெரியுமா?

முப்பத்தெட்டு.

2025-ம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள ஒரு குழிக்குள் விஞ்ஞானிகள் இறங்கி எண்ணிப் பார்த்தபோது கிடைத்த எண் இது. ஒரு மீன் இனம் அதன் இயற்கையான வீட்டில் அன்றைக்கு மிச்சம் இருந்தது இவ்வளவுதான். ஒரு ஸ்கூல் வகுப்பறையில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கை! அதற்கு முந்தைய ஆண்டு இதே சீசனில் எண்ணியபோது 191 இருந்தன.

விரல் நுனி அளவே உள்ள இந்த மீனுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போயிருக்கிறது. ஒருவர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார். அந்தக் குழியை அப்படியே காப்பியடித்து லட்சக்கணக்கான லிட்டரில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு அந்தக் குழிக்குள்ள? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது இந்தக் குழி?

லாஸ் வேகஸ் நகரில் இருந்து சுமார் 90 மைல் தூரத்தில், அமர்கோசா பாலைவனத்தில் இருக்கிறது ‘டெவில்ஸ் ஹோல்’. பெயரைத் தமிழில் சொன்னால் ‘சாத்தானின் குழி’. கலிஃபோர்னியா எல்லைக்கு மிக அருகே, நெவாடா பக்கம். உலகிலேயே மிக அதிக வெப்பம் பதிவான இடம் என்று சொல்லப்படும் டெத் வேலி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1913-ல் அங்கே பதிவான வெப்பநிலை 56.7 டிகிரி செல்சியஸ்.

இந்த இடத்தின் நிர்வாகமே ஒரு சுவாரஸ்யம். குழியும் அதைச் சுற்றியுள்ள 40 ஏக்கரும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குச் சொந்தம். ஆனால் பூங்காவோடு ஒட்டி இல்லை. ‘ஆஷ் மெடோஸ்’ என்ற வனவிலங்குப் புகலிடத்தின் நடுவே தனித் துண்டாக நிற்கிறது. 1952-ல் அதிபர் ட்ரூமன் ஒரு பிரகடனம் மூலம் இந்த 40 ஏக்கரைப் பூங்காவோடு சேர்த்தார். உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இங்கே இருக்கிறது என்பதையும் அந்தப் பிரகடனம் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அந்த ஒரு வரி பின்னாளில் எவ்வளவு பெரிய ஆயுதமாக மாறியது என்பதைக் கீழே பார்ப்போம்.

பாலைவனத்தில் தண்ணீர் எப்படி?

தரைக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை அடுக்குகள். அவற்றில் விரிசல்கள், அந்த விரிசல்கள் முழுக்கத் தண்ணீர். இந்த நிலத்தடி நீர்த்தேக்கம் பல நூறு கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. அதில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி பனியுகக் காலத்தில் பெய்த மழையும் உருகிய பனியும் என்கிறார்கள். அப்போது இந்தப் பகுதி இவ்வளவு வறண்டு கிடக்கவில்லை.

அப்படித் தண்ணீர் நிரம்பிய ஒரு குகையின் கூரை ஒரு கட்டத்தில் இடிந்து விழுந்து, மேலே வானம் தெரியும்படி வாய் திறந்ததுதான் டெவில்ஸ் ஹோல். கூரை இடிந்தது சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று கணிக்கப்படுகிறது.

மேலே இருந்து பார்த்தால் தரையில் ஒரு பெரிய பாறைப் பிளவு. சுமார் 50 அடி கீழே தண்ணீர். அந்தக் குளத்தின் நீளம் 65 அடி, அகலம் 10 அடி என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. ஆழம்? 130 மீட்டருக்கும் கீழே டைவர்கள் போயிருக்கிறார்கள். அடிமட்டத்தை இதுவரை யாரும் தொட்டதில்லை. 1965-ல் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கிய இரண்டு இளைஞர்கள் திரும்பி வரவே இல்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

மீன் வாழ்வது ஆழத்தில் இல்லையா?

இங்கேதான் விஷயமே இருக்கு. குளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மீனுக்குப் பெரிதாகப் பயனில்லை. ஆழத்தில் வெளிச்சம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. மீன்கள் பெரும்பாலும் மேல்பக்கத்து 80 அடிக்குள்தான் சுற்றுகின்றன.

குளத்தின் ஒரு ஓரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறைத் திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. சுமார் 11 அடிக்கு 16 அடி. நம்ம வீட்டு பெட்ரூம் சைஸ். அதன் மேல் நிற்கும் தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது. வெயில் படும் இடம் அதுதான். வெயில் பட்டால் பாசி வளரும். பாசி வளர்ந்தால் அதில் சின்னச் சின்ன உயிர்கள் வாழும். பாசியையும் அந்த உயிர்களையும் சாப்பிட்டுத்தான் மீன் வாழ்கிறது. முட்டையிடுவதும் முக்கியமாக அதே திட்டில்தான்.

குழி ஆழத்தில் இருப்பதால் வெயில் நேரடியாக விழுவது சில மணி நேரம்தான். குளிர்காலத்தில் பல வாரங்களுக்கு ஒரு கதிர்கூட விழாது. அப்போது பாசி குறையும், மீனும் குறையும். அதனால்தான் வசந்த காலக் கணக்கு எப்போதும் இலையுதிர்காலக் கணக்கைவிடக் குறைவாக வரும். குழியின் பாறை இடுக்குகளில் தங்கும் கூகைகளின் எச்சமும்கூட இந்தத் தண்ணீருக்கு ஊட்டச்சத்து. அந்த அளவுக்குப் பற்றாக்குறையான குடித்தனம்!

இந்த மீனுக்கு என்ன ஸ்பெஷல்?

பெயர் டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ். அறிவியல் பெயர் சைப்ரினோடான் டயபோலிஸ். ஒன்றை ஒன்று துரத்தி நாய்க்குட்டி மாதிரி விளையாடுவதால் இந்தக் குடும்பத்து மீன்களுக்கே ‘பப்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1930-ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

நீளம் சுமார் ஒரு இன்ச். ஆண் மீன் நீல நிறத்தில் மினுங்கும். மற்ற பப்ஃபிஷ்களுக்கு இருக்கும் அடிவயிற்றுத் துடுப்பு இதற்குக் கிடையாது. ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்.

வாழும் சூழலைக் கேட்டால் தலை சுற்றும். தண்ணீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க சுமார் 33 டிகிரி. வெந்நீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். அதனால் மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் அளவுக்குத்தான் இங்கே ஆக்ஸிஜன். முட்டை பொரிப்பதற்கான சூழலே எல்லையில் நிற்கிறது. இதில் இன்னும் ஒரு டிகிரி சூடு கூடினாலும் கஷ்டம்.

இந்த மீன் எப்போது, எப்படி இந்தக் குழிக்குள் வந்தது? விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்கிறது என்று ஒரு தரப்பு. இல்லை, சில நூறு ஆண்டுகள்தான் என்று மரபணுவை வைத்து இன்னொரு தரப்பு. எப்படி இருந்தாலும், முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு சின்ன இயற்கை வாழிடத்தில் ஒரு இனம் முழுவதும் அடங்கியிருப்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதால் மரபணுவிலும் சிக்கல். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, எட்டு மீன்களின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்துப் பார்த்தது. சராசரியாக 58 சதவிகிதம் ஒன்றுபோலவே இருந்தது. நோயோ சூழல் மாற்றமோ வந்தால் சமாளிக்கத் தேவையான வேறுபாடு அவ்வளவு குறைவு என்று இதற்கு அர்த்தம்.

எப்படி எண்ணுகிறார்கள்?

ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர்காலத்திலும் எண்ணுகிறார்கள். 1970-களில் ஆரம்பித்த வழக்கம். ஸ்கூபா டைவர்கள் முதலில் ஆழத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து மேலே வந்தபடியே எண்ணுவார்கள். அதே நேரத்தில் இன்னொரு குழு திட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அங்குள்ள மீன்களை எண்ணும். தேசியப் பூங்கா சேவை, மத்திய மீன் மற்றும் வனவிலங்குத் துறை, நெவாடா மாகாண வனவிலங்குத் துறை என மூன்று அமைப்புகள் சேர்ந்து செய்யும் வேலை இது.

கணக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1990-களின் நடுவில் இருந்து சரிய ஆரம்பித்தது. 2013 வசந்தத்தில் 35 மட்டுமே. பிறகு மெல்ல மெல்ல மீண்டு 2022 இலையுதிர்காலத்தில் 263 வரை போனது. 2024 வசந்தத்தில் 191. அந்த சீசனுக்கு அது 25 ஆண்டுகளில் இல்லாத உச்சம். அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த வருடமே 38.

திடீரென்று என்ன ஆச்சு?

நிலநடுக்கம். 2024 டிசம்பரில் ஒன்று, 2025 பிப்ரவரியில் ஒன்று. இரண்டும் குழிக்குள் அலைகளைக் கிளப்பின. திட்டின் மேல் இருந்த பாசியும் முட்டைகளும் அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டன. அதுவும் குளிர்காலத்தில். சாப்பாடு ஏற்கெனவே குறைவாக இருக்கும் நேரம்.

நிலநடுக்கம் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று இல்லை. 2012 மார்ச்சில் மெக்ஸிகோவில் 7.4 ரிக்டர் அளவில் பூமி குலுங்கியபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தக் குழிக்குள் சுமார் நான்கு அடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. 2022 செப்டம்பரிலும் மெக்ஸிகோ நிலநடுக்கத்தால் இதே கதை.

ஏன் அப்படி? பெரிய நிலநடுக்கங்களின் அலைகள் பூமி வழியாக வெகு தூரம் போகும். தரையில் நிற்கும் நமக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் குறுகலான, ஆழமான பிளவில் அடைபட்ட தண்ணீருக்கு அந்த ஆட்டம் பிடித்துக்கொள்ளும். ஒரு குடத்தில் பாதித் தண்ணீரோடு நடந்தால், சரியான தாளத்தில் அடி வைக்கும்போது தண்ணீர் தளும்பி வெளியே வருகிறதே, அந்த மாதிரிதான்.

இந்த அலைகளால் முழுக்க முழுக்கக் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. திட்டில் படிந்த வண்டலைக் கழுவிவிட்டு, முட்டையிட நல்ல இடத்தையும் உருவாக்கிக் கொடுக்கும். இதே குழியில் இதற்கு முன்பும் பல நிலநடுக்கங்களை இந்த மீன்கள் தாண்டி வந்திருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அடி வாங்குவது வேறு, சில டஜன் இருக்கும்போது அடி வாங்குவது வேறு.

கோர்ட் வரைக்கும் போன கதை

நிலநடுக்கம் இயற்கை. அதற்கு முன்பே மனிதர்களால் ஒரு பெரிய ஆபத்து வந்தது.

1968-ல் டெவில்ஸ் ஹோலில் இருந்து சுமார் இரண்டரை மைல் தூரத்தில், கப்பார்ட் குடும்பத்தின் பண்ணையில் போர்வெல் போட்டுத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்கள். 12 ஆயிரம் ஏக்கர் பண்ணை. 1,700-க்கும் மேற்பட்ட மாடுகள், தீவனப் பயிர்கள், 80-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். 70 லட்சம் டாலருக்கும் அதிகமான முதலீடு. இதெல்லாம் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் விவரங்கள்.

குழியின் சுவரில் 1962-ல் பதித்த ஒரு செப்பு அடையாளம் இருக்கிறது. நீர்மட்டத்தை அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். 1968 வரை தண்ணீர் அந்த அடையாளத்துக்கு 1.2 அடி கீழே நின்றது. 1969-ல் 2.3 அடி. 1970-ல் 3.17. 1972-ல் 3.93. மூன்று அடிக்குக் கீழே போனால் திட்டின் பெரும்பகுதி வெளியே தெரிந்துவிடும். திட்டு காய்ந்தால் பாசி இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. சிம்பிள் கணக்கு.

1971-ல் மத்திய அரசு வழக்குப் போட்டது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ‘பப்ஃபிஷைக் காப்போம்’ என்று ஒரு கூட்டம் காரில் ஸ்டிக்கர் ஒட்ட, ‘பப்ஃபிஷைக் கொல்வோம்’ என்று இன்னொரு கூட்டம் ஒட்டியது. மீனா, மனிதனின் பிழைப்பா என்ற கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பண்ணையை நம்பி குடும்பங்கள் இருந்தன.

1976 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக மத்திய அரசின் பக்கம். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒரு நோக்கத்துக்காக அரசு ஒரு நிலத்தை ஒதுக்கினால், அந்த நோக்கம் நிறைவேறத் தேவையான தண்ணீரும் அதோடு சேர்ந்தே ஒதுக்கப்பட்டதாக அர்த்தம். டெவில்ஸ் ஹோலை ஒதுக்கியது 1952-ல். பண்ணை தண்ணீர் இறைத்தது 1968-ல். முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்பது அமெரிக்காவின் மேற்குப் பகுதியின் தண்ணீர்ச் சட்டம். அந்தக் கணக்குப்படி மீன்தான் சீனியர்!

போர்வெல்லை மொத்தமாக மூடச் சொல்லவில்லை. மீன் பிழைக்கத் தேவையான அளவுக்கு நீர்மட்டம் நிற்க வேண்டும், அதற்குத் தக்கபடி இறைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவு, செப்பு அடையாளத்துக்குக் கீழே 2.7 அடி என்று முடிவானது. பூமிக்கு மேலே ஓடும் தண்ணீர், கீழே இருக்கும் தண்ணீர் என்று பிரித்துப் பார்த்துத் தப்பிக்க முடியாது என்பதையும் இந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. நிலத்தடி நீர் வழக்குகளில் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

நீர்மட்டம் ஓரளவு ஏறியது. ஆனால் 1968-க்கு முன்பு இருந்த நிலைக்கு முழுதாகத் திரும்பவே இல்லை.

வேலி, கேமரா, சிறை

இன்றைக்கு டெவில்ஸ் ஹோலைச் சுற்றி உயரமான வேலி, முள்கம்பி, கேமரா, சென்சார்கள். ஒரு மீனுக்கு இவ்வளவு செக்யூரிட்டியா என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

2016 ஏப்ரலில் மூன்று பேர் குடித்துவிட்டு வேலி தாண்டி உள்ளே புகுந்தார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள், பீர் கேன்களைப் போட்டார்கள், வாந்தி எடுத்தார்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கி அந்தத் திட்டின் மேலேயே நடந்தார். மீன்கள் முட்டையிடும் பருவம் அது. ஒரு மீன் செத்து மிதந்தது. எல்லாமே கேமராவில் பதிவானது. தண்ணீரில் இறங்கியவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது. சுமார் 14 ஆயிரம் டாலர் இழப்பீடும் கட்ட வேண்டி வந்தது.

வேறு இடத்தில் வளர்த்தால் என்ன?

நியாயமான கேள்வி. முயற்சி செய்யாமல் இல்லை. ஹூவர் அணைக்கு அருகே உட்பட சில இடங்களில் 1970-களில் இருந்தே தொட்டிகள் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. ஒரு இடத்தில் வேறு பப்ஃபிஷ் உள்ளே நுழைந்து கலப்பினமே உருவாகிவிட்டது.

அதன் பிறகுதான் குழியின் மேல்பகுதியை அப்படியே காப்பி எடுத்து, ஆஷ் மெடோஸில் சுமார் 3.8 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஒரு தொட்டி கட்டினார்கள். 2013-ல் இருந்து செயல்படுகிறது. திட்டின் வடிவம், வெயில் விழும் அளவு எல்லாம் டெவில்ஸ் ஹோல் மாதிரியே. தண்ணீரை மட்டும் ஒன்றிரண்டு டிகிரி குறைத்து, ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். குழியில் இருந்து முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வைத்தார்கள்.

அங்கேயும் ஒரு ட்விஸ்ட். குழியில் இருக்கும் ஒரு சின்ன நீர்வண்டு தொட்டிக்கும் வந்து சேர்ந்து, அங்கே எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டது. மீன் முட்டைகளை அது தின்பதைக் கண்டுபிடித்த பிறகு, வண்டு பிடிப்பதும் ஊழியர்களின் அன்றாட வேலையில் சேர்ந்துகொண்டது.

ஆனால் 2025-ல் கைகொடுத்தது இந்தத் தொட்டிதான். எண்ணிக்கை 38-க்குச் சரிந்ததும், தொட்டியில் வளர்ந்த 19 மீன்களைக் குழிக்குள் விட்டார்கள். பாசி திரும்ப வளரும்வரை குழியில் இருக்கும் மீன்களுக்குக் கூடுதல் தீனியும் போட்டார்கள்.

ஒரு இன்ச் மீனுக்கு ஏன் இவ்வளவு?

இதே குடும்பத்தில் டெகோப்பா பப்ஃபிஷ் என்று ஒரு மீன் இருந்தது. கலிஃபோர்னியாவின் டெகோப்பா வெந்நீர் ஊற்றுகளில் வாழ்ந்தது. குளியல் விடுதிகளுக்காக ஊற்றுகளின் ஓடையைத் திருப்பிவிட்டார்கள். மீன் போய்விட்டது. அழிந்துபோனதால் அமெரிக்காவின் ஆபத்துப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட முதல் விலங்கு அதுதான். யாரும் வேண்டும் என்றே கொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவே.

டெவில்ஸ் ஹோல் விஷயத்தில் கவனித்ததால் மீனோடு சேர்ந்து இன்னும் பல உயிர்கள் தப்பின. குழிக்குள் தெரியும் நீர்மட்டம், அந்த மொத்த நிலத்தடி நீர்த்தேக்கத்தின் மீட்டர் மாதிரி. அது இறங்கினால் ஆஷ் மெடோஸின் ஊற்றுகள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. அந்த ஊற்றுகளை நம்பி, உலகில் வேறெங்கும் இல்லாத 20-க்கும் மேற்பட்ட செடிகளும் உயிரினங்களும் இருக்கின்றன. வீட்டு மனைகளாக மாற இருந்த அந்தப் பகுதி 1984-ல் வனவிலங்குப் புகலிடம் ஆனது. சுற்றுவட்டார ஊர்களின் கிணறுகளும் இதே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கின்றன. போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே போய்விட்டது என்று வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. இங்கே மட்டும் அது கண்ணால் பார்க்கிற மாதிரி திறந்து கிடக்கிறது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போகணும். பொதுமக்கள் குழிக்குள் இறங்க அனுமதி இல்லை. மேலே வேலி போட்ட பார்வை மேடை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பாறைப் பிளவையும் கீழே தண்ணீரையும் ஆய்வுக் கருவிகளையும் பார்க்கலாம். ஒரு இன்ச் மீன் அந்தத் தூரத்தில் கண்ணுக்குச் சிக்காது.

பப்ஃபிஷைப் பார்த்தே ஆகணும் என்பவர்கள், அதே ஆஷ் மெடோஸில் உள்ள கிரிஸ்டல் ஸ்பிரிங், பாயின்ட் ஆஃப் ராக்ஸ் ஊற்றுகளுக்குப் போகலாம். மரப்பலகை நடைபாதையில் நடந்துபோனால் தெளிந்த நீல நீரில் ஆஷ் மெடோஸ் அமர்கோசா பப்ஃபிஷ் துரத்தி விளையாடுவதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அதுவும் ஆபத்தில் இருக்கும் இனம்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது. கோடையில் வெயில் கொளுத்தும் என்பதால், போகிறவர்கள் குடிக்கத் தண்ணீரைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. ஊற்றில் கை வைப்பது, காசு போடுவது, வீட்டு மீன்தொட்டி மீனைக் கொண்டுவந்து விடுவது எதுவும் கூடாது. வெளியில் இருந்து வந்த மீன்களால் இங்கே ஏற்கெனவே நிறைய இழப்பு.

டெவில்ஸ் ஹோலில் ஒரு மீனின் ஆயுளே ஒரு வருடம்தான். அதனால் ஒவ்வொரு ஆண்டும் அந்தத் திட்டில் முட்டை பொரித்தே ஆகணும். ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடம் ஈடுகட்ட, மூத்த மீன் என்று எதுவும் அங்கே மிச்சம் இருக்காது. அதனால்தான் வசந்த காலமும் இலையுதிர்காலமும் வந்தால் டைவர்கள் அந்தக் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு மீனாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.